ஜோடனை ஓட்டலும் சாமைச் சோறும்

பள்ளிக்கூடம் லீவு விட்டாலே எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாட்டுதான். "அம்மா, சென்னை போனா ஜெயில் மாதிரி ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போ, ரோபோ பரிமாறுற ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போ!" மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கிற நமக்கும், ஒரு நாளாவது யாராவது இலை போட்டுப் பரிமாறினால் தேவலை என்றுதான் இருக்கிறது. ஆனால், குகை போல ஜோடித்த ஒரு ஓட்டலில் நாங்கள் நாலு பேர் சாப்பிட்ட பில்லுக்கு, கள்ளக்குறிச்சியில் பத்து நாள் காய்கறி வாங்கலாம். சாப்பாடும் ஆறிப் போயிருந்தது!

செலவும் குறைந்து, மனசும் நிறைகிற புதுமையான இடங்கள் இல்லாமல் இல்லை. ஜெயில் வேஷம் போட்ட ஓட்டல் எதற்கு? கேரளாவில் விய்யூர், பூஜப்புரை சிறைகளில் நிஜக் கைதிகளே சப்பாத்தி சுட்டு, ஆரம்பத்தில் ஒன்று 2 ரூபாய்க்கு விற்றார்கள். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் 2020ல் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் 'கஃபே ஏபிள்' ஆரம்பித்தார்கள். ஆக்ராவில், ஆசிட் வீச்சில் முகம் வெந்துபோன பெண்கள் 2014 டிசம்பரில் 'ஷீரோஸ்' என்ற உணவகம் தொடங்கினார்கள். சாப்பிட்டவர் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்பது அங்கே ஏற்பாடு. முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள், நிமிர்ந்து நின்று காபி கொடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய அலங்காரம் எந்தச் சுவருக்கு உண்டு?

புது ஓட்டலுக்குப் போகிறவர்கள் உட்காரும் முன்பே மெனு கார்டைக் கேட்டு விலையைப் பார்த்துவிடுங்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் சொல்லியிருக்கிறது. பில்லில் அது இருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லலாம்.

இன்னொரு ஆசை. 2019 நவம்பரில் எங்கள் ஊர் தனி மாவட்டமானது. கோமுகி அணை, கல்வராயன் மலை என்று வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போய்ப் பசித்தால் நாங்கள் சாப்பிட்டது என்னவோ பரோட்டாதான். சாமையும் தினையும் விளையும் மலையில் இது என்ன கொடுமை! மலைவாழ் பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து, ஒரு கீற்றுக் கொட்டகையில் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு போட்டால் நகரத்துக்காரர்கள் தேடி வருவார்களே! ஜோடனை எதுவும் வேண்டாம், மலையே போதும். சமைக்கிற கைக்கும் நாலு காசு சேரும். அதிகாரிகள் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே செய்யலாம். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். சீக்கிரம் வெந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

உங்கள் ஊரில் இப்படிப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை இருக்கிறதா தோழிகளே? எழுதுங்களேன், லீவுக்கு வருகிறோம்!

– ஒரு இல்லத்தரசி, கள்ளக்குறிச்சி.