நான்கு கட்டங்களுக்குள் ஒரு சண்டை

1912இல் மூழ்கிய டைட்டானிக்கில், பிரிட்டிஷ் விசாரணைக் கணக்குப்படி, முதல் வகுப்புப் பயணிகள் 325 பேர், பிழைத்தவர்கள் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர்கள் 178. டிக்கெட்டுக்கும் உயிருக்கும் தொடர்பு உண்டா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் கை வர்க்கச் சோதனை.

தொடர்பே இல்லையென்று முதலில் வைத்துக்கொள்வோம். பிழைத்த 381 பேரும் தலைக்கணக்குப்படி பிரிந்தால் முதல் வகுப்புக்குச் சுமார் 120 பேர்தான் வரும். வந்ததோ 203. இரு வகுப்புகளிலும் பிழைத்தவர், இறந்தவர் என்ற நான்கு கட்டங்களிலும் இப்படி வித்தியாசம் பார்த்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 132க்கு மேல் போகிறது. 3.84ஐத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்லத் தயங்குவார்கள்.

அந்த 3.84க்காக ஒரு சண்டையே நடந்தது. 1900இல் சோதனையை உருவாக்கிய கார்ல் பியர்சன், நான்கு கட்ட அட்டவணைக்குக் கட்டின்மைக் கூறு, அதாவது தன்னிச்சையாக நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை, மூன்று என்பதுபோலக் கணக்கிட்டார். அப்போது வரம்பு 7.81. இல்லை, ஒன்றுதான் என்றார் ரொனால்ட் ஃபிஷர், 1922இல். மளிகைச் சிட்டையில் ஒரு பொருளின் விலை அழிந்துபோனால் அம்மா கடைக்காரரைக் கேட்கமாட்டார், மொத்தத்திலிருந்து கழித்துவிடுவார். இங்கேயும் அப்படித்தான். ஓர மொத்தங்கள் கையில் இருந்தால் ஒரு கட்டத்தை நிரப்பியதும் மற்ற மூன்றும் தாமே நிரம்பிவிடும். பியர்சன் ஏற்கவில்லை. அவருடைய மகன் எகான் வேறு காரியத்துக்காகத் திரட்டி வெளியிட்டிருந்த ஆயிரக்கணக்கான அட்டவணைகளை ஃபிஷர் 1926இல் எடுத்துக்கொண்டார். தகப்பன் சொன்னது சரியென்றால் கை வர்க்கத்தின் சராசரி மூன்றாக வர வேண்டும். ஏறக்குறைய ஒன்றாக வந்தது!

இன்று மென்பொருளில் ஒரு பொத்தான் போதும். அதனால்தானோ என்னவோ, ஆய்வேடுகளில் ஆட்களின் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைக் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். டைட்டானிக்குக்கு அப்படிச் செய்தால், 62க்கு 25 என்று வைத்து, 132 வெறும் 28 ஆகிவிடும். எத்தனை பேரை எண்ணினோம் என்பதே கணக்கிலிருந்து போய்விடுகிறதே.

இன்னொன்று: தொடர்பு உண்டென்று சொல்லும் சோதனை, ஏன் என்று சொல்லாது. முதல் வகுப்பில் பெண்களின் பங்கு அதிகம்; படகுகளிலும் அவர்களுக்கே முன்னுரிமை. வகுப்பின் கணக்கில் இதுவும் கலந்திருக்கிறது. பெண்களை மட்டும் தனியே பிரித்தால் முதல் வகுப்பில் 144 பேரில் 140 பேர் கரை சேர்ந்தார்கள். மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 76.