உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் இறக்கிய தொகுப்புகள் தங்கும் இடம்

● லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குப் பொது நெறிமுறை உண்டு. அதன் 3.0 பதிப்பு 2015இல் வெளியானது.

● மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்புகளுக்கு அது ஒதுக்கிய இடம் '/வார்/கேஷ்'.

● டெபியன், உபுண்டுவில் 'ஆப்ட்-கெட்' கட்டளை இறக்கும் மென்பொருள் தொகுப்புகள் அதற்குள் 'ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்' கோப்புறையில் சேரும். 'ஆப்ட்-கெட் கிளீன்' கட்டளை அவற்றை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்குப் பாதிப்பில்லை.

● ஆர்ச் லினக்ஸின் தொகுப்பு மேலாளரான 'பேக்மேன்' பழைய பதிப்புகளையும் '/வார்/கேஷ்' இடத்துக்குள்ளேயே வைத்திருக்கும். புதுப்பிப்பு பழுதானால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப அவை உதவும்.

● ஆனால் டெபியன், உபுண்டுவில் உள்ள '/வார்/லிப்/டிபிகேஜி' அப்படியல்ல. எவை நிறுவப்பட்டுள்ளன என்ற பதிவேடு அங்கேதான் இருக்கிறது. வட்டில் இடம் போதவில்லை என்றாலும் அதை அழித்துவிடாதீர்கள்!