கவிழ்க்காத சிரட்டைகள்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறியதும் தொழிலாளர்கள் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வருவார்கள். பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசுவுக்கும் அது சுறுசுறுப்பான நேரம்.

பால் இறங்கும் நாட்களில் சிரட்டையில் கொசு வளர வழியில்லை. மழை பிடித்து வெட்டு நின்றால்தான் வம்பு. மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால் தண்ணீர் நிறையும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். குமரியிலோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஏக்கருக்கு நூற்றுக்கு மேற்பட்ட மரம், மரத்துக்கு ஒரு சிரட்டை.

தோட்டத்தில் வளர்வது பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு இருக்கும். வீட்டுத் தொட்டியை நாடும் ஏடிஸ் எஜிப்டிக்கு யாழ் போன்ற கோடு. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் இரண்டுமே பரப்பும்.

குமரி மாவட்டக் கிராமங்களில் டெங்கு பரவியபோது மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் வந்து நோயாளிகளின் ரத்தத்தையும் ஊரின் கொசுக்களையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2006இல் வெளியானது. டெங்கு நகரத்து நோய் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று அது.

அதே மையத்தார் கேரளத்து அல்போபிக்டஸ் கொசுக்களில் தாயிடமிருந்து முட்டை வழியாகவே டெங்கு வைரஸ் குஞ்சுக்குப் போவதை 2007இல் பதிவு செய்தார்கள். புழுவைப் பிடித்து, ஆய்வகத்தில் வளர்த்து, இன்னும் யாரையும் கடிக்காத கொசுவைச் சோதித்தால் இது தெரியும். கொசுவில் வைரஸைத் தேடுவதன் அருமை இதுதான்: ஒருவர் காய்ச்சலில் விழும் முன்பே எச்சரிக்கை கிடைக்கலாம். அந்த எச்சரிக்கை குமரிக்கும் தேவை: 2021இல் ஜிகா பரவிய திருவனந்தபுரம் மாவட்டம் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினாலே வந்துவிடுகிறது.

சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது. நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவின் மரப்பொந்து, மலையோரத் தோட்டத்தின் சிரட்டை இரண்டிலும் மாதந்தோறும் புழு எடுத்து, இனம் பிரித்து, வைரஸ் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வெட்டு நிற்கும் நாளில் சிரட்டை கவிழ்ப்பதும் ஒரு வேலை. அதற்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தனிக் கூலி தர வேண்டும்.