வியாழக்கிழமை விலை வேறு, செவ்வாய்க்கிழமை விலை வேறு!
பெங்களூர்ப் பழ மார்க்கெட்டில் ஏலக்கியும் பட்டர் ஃப்ரூட்டும்: ஒரு வாரக் கணக்கு

வியாழக்கிழமை மாலை பெங்களூரில் ஏலக்கிப் பழம் வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்டதும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். அதே தெரு, அதே தள்ளுவண்டி, அதே பழம். செவ்வாய்க்கிழமை சொன்ன விலை மட்டும் இல்லை!

"கேட்ட விலையைக் கொடுக்க நாங்கள் என்ன ஐ.டி. கம்பெனியிலா வேலை பார்க்கிறோம்?" என்பது வாங்குகிறவர் வாதம். "மண்டியில் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்பது வண்டிக்காரர் பதில். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளத்திலும் தினக் கூலியிலும் குடும்பம் நடத்துகிறவர்கள், இந்த விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், வாரத்துக்குச் சில ரூபாயாவது கையில் நிற்கும்.

எங்கிருந்து வருகிறது?

பெங்களூருக்கு வரும் வாழையில் ஒரு பகுதி கர்நாடகத்துச் சரக்கு. துமகூரு, ராமநகர், சிக்கபள்ளாப்பூர், ஆனேக்கல் பகுதிகளிலிருந்தும், மைசூர், சாம்ராஜ்நகர் பக்கமிருந்தும் தார்கள் வருகின்றன. மற்றொரு பகுதி நம் ஊர்ச் சரக்கு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏலக்கி எல்லை தாண்டி வந்துதான் பெங்களூரின் தட்டுப்பாட்டைத் தீர்க்கிறது.

மண்டி வியாபாரத்துக்குப் பேர்போன இடம் பின்னி மில் பகுதி. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக உழைத்த மில்லின் பெயரை இன்று வாழை மண்டி சுமந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து 1928-ல் கட்டப்பட்ட கே.ஆர். மார்க்கெட்டுக்கும், சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கும், தெருத் தெருவாகச் சுற்றும் வண்டிகளுக்கும் பழம் பிரிகிறது.

வாழை நட்டுத் தார் வெட்ட ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். கோடைக் காற்றில் ஒரு தோட்டம் சாய்ந்தால் அடுத்த வாரமே வேறு தார் போட்டு ஈடு கட்ட முடியாது. தட்டுப்பாடு மாதக் கணக்கில் நீடிக்கும். விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் வாழை நட்டால், அடுத்த வருடம் எல்லாத் தாரும் ஒன்றாக வந்து விலை சரியும். அப்போது அடி வாங்குகிறவர் விவசாயி.

ஏலக்கி ஒரு ஜாதி, பச்சை ஒரு ஜாதி

கன்னடத்தில் 'ஏலக்கி பாளெ' என்று சொல்வதை நம் பக்கத்தில் நெய்ப் பூவன் என்றும் சொல்வதுண்டு. சிறிய பழம், மெல்லிய தோல், நல்ல வாசனை. பூஜைத் தட்டிலும் தாம்பூலத்திலும் கர்நாடகக்காரர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

'பச்ச பாளெ' என்பது நாம் பச்சைப் பழம், மோரிஸ் என்று வாங்கும் பெரிய பழம். இப்போது பெரும்பாலும் ஜி-9 என்ற திசு வளர்ப்பு ரகம் வருகிறது. நம் தேனி மாவட்டம் இந்த ரகத்துக்குப் பெயர் பெற்றது.

நஞ்சன்கூடு ரசபாளெ பற்றியும் ஒரு வார்த்தை. நம் ரஸ்தாளி இனத்தைச் சேர்ந்த இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் வாடல் நோய் தாக்கியதால் சாகுபடி வெகுவாகச் சுருங்கிவிட்டது. வண்டியில் 'ரசபாளெ' என்று கூவினால், எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டு ரகத்துக்கும் விலை ஒரே மாதிரி ஏறுவதில்லை. பூஜைக்குப் பச்சைப் பழம் அதிகம் போகாததால், ஏலக்கி விலை பறக்கும் நாளிலும் பச்சை கொஞ்சம் நிதானமாகவே இருக்கும்.

வெள்ளியும் பண்டிகையும்

ஏலக்கியின் விலையைப் பஞ்சாங்கம் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்! வெள்ளிக்கிழமை பூஜை, அமாவாசை, முகூர்த்த நாள் இவற்றுக்கு முந்திய மாலை கிராக்கி. கன்னடர்களுக்கு ஆஷாடத்தில் கல்யாணம் இல்லை. சிராவணம் பிறந்ததும் வரமகாலட்சுமி நோன்பு, கௌரி - கணேச பண்டிகை, அடுத்து தசரா என்று வரிசையாக வந்துவிடும். நம்மவர்களின் ஆடி வெள்ளியும் ஆடி அமாவாசையும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. ஓணம் வந்தால் கேரளமும் பழத்தை இழுக்கிறது.

2023 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். தக்காளி விலை அலைக்கழித்து ஓய்ந்த கையோடு ஏலக்கி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வரத்துக் குறைந்திருந்த நேரத்தில் வரமகாலட்சுமி நோன்பும் ஓணமும் ஒரே வாரத்தில் வந்ததே காரணம். பண்டிகை முன்கூட்டியே தெரிந்ததுதான். தார் மட்டும் அவசரத்துக்கு விளையாது!

வண்டிக்காரர் கணக்கு

மண்டி விலைக்கும் வண்டி விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, "பாதிக்குப் பாதி லாபம்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் கிலோ 40 ரூபாய் வீதம் 100 கிலோ தார் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4,000 ரூபாய். தாரின் நடுத்தண்டு எடையில் 8 கிலோ போய்விடுகிறது. உதிர்ந்தது, நசுங்கியது, கறுத்தது 10 கிலோ. விற்கக் கிடைப்பது 82 கிலோ. ஆட்டோ வாடகையும் தன் கூலியுமாக 800 ரூபாய் வேண்டுமென்றால் 82 கிலோவில் 4,800 ரூபாய் எடுக்க வேண்டும். கிலோ 58 ரூபாய் 50 காசு வருகிறது. கடன் வாங்கி முதல் போட்டிருந்தால் வட்டி தனி.

ஒரு நாள் மழை பெய்து வியாபாரம் படுத்தால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். பழுத்த வாழை யாருக்காகவும் காத்திருக்காது. அதனால்தான் இரவு எட்டு மணிக்கு மேல் அதே வண்டியில் விலை இறங்குகிறது. அன்றிரவோ மறுநாள் காலையோ சாப்பிடப் போகிறவர்களுக்கு அந்தப் பழம் நஷ்டமில்லை. நான்கு நாள் வைத்திருக்க வேண்டியவர்கள் அதை வாங்கினால் நஷ்டம்.

பேரம் பேசும் முன் பக்கத்து ஹாப்காம்ஸ் கடையின் விலைப் பலகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். 1959-ல் தோட்டக்கலை நிபுணர் டாக்டர் மரிகௌடாவின் முயற்சியால் திராட்சை விவசாயிகளுக்கென்று தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. அதன் கடைகளில் அன்றைய விலை எழுதிப் போடப்படுகிறது. எடை போட்டே விற்கிறார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அன்றைய நிலவரம் கைக்குக் கிடைக்கும்.

பட்டர் ஃப்ரூட்: பணக்காரப் பழமா?

இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டரும், டி.வி.யில் சமையல்காரரும் 'அவகாடோ' என்று புகழும் பழம் பெங்களூருக்குப் புதிதல்ல. 'பட்டர் ஃப்ரூட்' என்ற பெயரில் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஜூஸ் கடைகளில் பல காலமாக அடித்துக் கொடுத்துவருகிறார்கள். தமிழில் வெண்ணெய்ப் பழம்.

குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் இந்த மரம் நிற்கிறது. நம் பக்கத்தில் நீலகிரி, ஏற்காடு, கீழ்ப் பழனி மலைகளில் காய்க்கிறது. கீழ்ப் பழனியில் உள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 என்ற ரகத்தையே கொடுத்திருக்கிறது.

உள்ளூர்ப் பழத்துக்கு ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை சீசன். ஜூலை, ஆகஸ்டில் வரத்து நன்றாக இருக்கும். சீசன் முடிந்தபின் பெரிய கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் 'ஹாஸ்' என்ற வெளிநாட்டு ரகம். ஆப்பிரிக்காவின் டான்ஸானியாவிலிருந்துகூட வருகிறது. கப்பல் கூலி, குளிர் அறைச் செலவு எல்லாம் அதன் தலையில். ஹாஸ் சிறியது, தடித்த தோல், கொழுப்புச் சத்து அதிகம். நம் பழம் பெரியது. பல மரங்களில் சதை கொஞ்சம் நீர்த்திருக்கும். ஆனால் ஜூஸுக்கும் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளவும் தாராளமாகப் போதும். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

பார்த்து வாங்குவது எப்படி?

வாழையைப் பழுக்க வைக்கக் கார்பைடு கல் பயன்படுத்துவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. பழமே இயற்கையாக விடும் வாயு அது. குளிர் அறையில் முறையாகப் பழுத்த பச்சைப் பழம் மஞ்சளாக, ஒரே சீராக இருக்கும். தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே கெட்டியாகவும் சப்பென்றும் இருந்தால் அடுத்த தடவை கடையை மாற்றிவிட வேண்டியதுதான்.

ஏலக்கியில் தோல் மேல் சிறு கரும்புள்ளி விழுவது குற்றமல்ல. இனிப்பு ஏறியதன் அடையாளம். காம்பு கறுத்துப் பழம் உதிர்ந்தால் அன்றே தீர்க்க வேண்டும். வாழையை ஃப்ரிஜ்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகும்.

வெண்ணெய்ப் பழம் மரத்தில் பழுக்காது. பறித்த பிறகே பழுக்கும். முற்றிய பழத்தை ஆட்டினால் பல ரகங்களில் உள்ளே கொட்டை ஆடும். பிஞ்சில் பறித்தது எத்தனை நாள் வைத்தாலும் ரப்பர்போல் சுருங்குமே தவிரப் பழுக்காது. கல்போல் இருக்கும் முற்றிய காயை வாங்கி, ஒரு வாழைப் பழத்தோடு காகிதத்தில் சுற்றி வைத்தால் சீக்கிரம் பழுக்கும். வாழை விடும் வாயு இதையும் பழுக்க வைத்துவிடுகிறது! காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் இளகும்போது வெட்டலாம். மீதிப் பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி வைத்தால் கறுப்பது குறையும்.

எது மலிவு?

ஏலக்கி கிலோ 80, பச்சை 40, உள்ளூர் வெண்ணெய்ப் பழம் 200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்குத் தினம் ஒன்று என்றால் வாரத்துக்கு 28 பழம். ஏலக்கி ஒன்று சுமார் 60 கிராம். 28 பழம் 1.7 கிலோ, 136 ரூபாய். பச்சை ஒன்று சுமார் 150 கிராம். 28 பழம் 4.2 கிலோ, 168 ரூபாய்.

எண்ணிக்கையில் ஏலக்கி மலிவு. ஆனால் வயிற்றுக் கணக்கு வேறு. தோல் போக 100 கிராம் சதைக்கு ஏலக்கியில் ஏறத்தாழ 10 ரூபாயும், பச்சையில் 6 ரூபாயும் ஆகின்றன. வெண்ணெய்ப் பழத்தில் தோலும் கொட்டையும் போக 30 ரூபாய் ஆகிவிடும். பச்சை வாழையைப்போல் ஐந்து மடங்கு! அன்றன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வெண்ணெய்ப் பழத்தில் நல்ல கொழுப்பு இருக்கிறது என்பது உண்மை. சீசனில் வாரத்துக்கு ஒன்று வாங்கி வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். அது கட்டுப்படியாகாத வீட்டில் குழந்தைகளுக்கு ஏதோ குறை வந்துவிட்டதாக யாரும் கலங்க வேண்டியதில்லை. பசிக்கும் பள்ளிக்கூடப் பைக்கும் வாழை போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டிலும் பொட்டாசியம் சத்து கணிசம் என்பதால், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

பூஜைக்கு வேண்டிய ஏலக்கியை, லேசாகப் பச்சை ஓடிய சீப்பாகச் செவ்வாய், புதனில் வாங்கி வைத்தால் வெள்ளிக்கிழமைக்குப் பதமாக இருக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பச்சைப் பழத்தை வாரத்தில் இரண்டு தடவையாகப் பிரித்து வாங்கினால் ஒன்றும் அழுகாது. பண்டிகைக்கு முந்திய மாலை மட்டும் மார்க்கெட் பக்கம் போகாமல் இருந்தால் பாதிச் சண்டை மிச்சம்!