பணியும் தகுதியும் – 9: திட்ட மேலாளருக்குச் சான்றிதழ் எதற்கு?

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பேசப்பட்ட மருத்துவர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் தகுதிச் சான்றுகளுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. அவை இல்லாமல் அத்தொழில்களைச் செய்வது குற்றம். திட்ட மேலாளரின் நிலை வேறு. அலுவலகங்களில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்று அழைக்கப்படும் பதவியில் அமர இந்தியாவில் எந்தச் சட்டமும் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. அப்படியிருந்தும், பத்தாண்டு அனுபவம் உள்ள பொறியாளர்கள் வார இறுதி நாள்களைப் பயிற்சி வகுப்புகளில் கழித்து, சில நூறு டாலர் தேர்வுக் கட்டணமும் கட்டி, பி.எம்.பி. என்னும் மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் ஆதரவு இல்லாத ஒரு சான்றிதழின் மதிப்பு வேலை கொடுப்பவரின் நம்பிக்கையை மட்டுமே சார்ந்தது. அந்த நம்பிக்கை எங்கே நியாயமானது, எங்கே நியாயமற்றது என்பதே இப்பகுதியின் கேள்வி.

திட்டம் என்ற சொல்லுக்கு மேலாண்மைத் துறையில் குறுகிய பொருள் உண்டு. தொடக்கமும் முடிவும் உடைய, அதே வடிவில் மறுமுறை செய்யப்படாத வேலையே திட்டம் எனப்படும். ஓர் ஆலையில் நாள்தோறும் நூல் நூற்பது திட்டம் ஆகாது. அந்த ஆலையைக் கட்டி முடிப்பது திட்டம். இவ்வகை வேலைகளுக்கென்று தனி உத்திகள் இருபதாம் நூற்றாண்டில்தான் உருவாயின. 1910களில் ஹென்றி காண்ட் வேலைகளைக் கால அளவுக்கேற்ற பட்டைகளாக வரைந்து காட்டும் அட்டவணையைப் பரப்பினார். 1957இல் டூபான்ட் நிறுவனத்தில் தீர்வுப் பாதை முறை பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்னும் முறை உருவாக்கப்பட்டது.

தீர்வுப் பாதை என்பது ஒரு வேலை முடியும் நாளைத் தீர்மானிக்கிற, ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யக்கூடிய பணிகளின் தொடர் ஆகும். வீடு கட்டும்போது அடித்தளம், சுவர், சென்ட்ரிங், கான்கிரீட், பூச்சு ஆகியவை ஒன்று முடிந்தபின்தான் மற்றொன்று தொடங்கும். கதவுகளைத் தச்சுப் பட்டறையில் செய்யும் வேலையோ இவற்றுக்கு இணையாக நடந்துகொண்டிருக்கும். தச்சர் ஒரு வாரம் தாமதித்தால் வீடு தாமதமாகாமல் போகலாம், ஆனால் சென்ட்ரிங் ஒரு வாரம் தாமதித்தால் கிரகப்பிரவேசமே ஒரு வாரம் தள்ளிப்போகும் என்பதால், மேற்பார்வையாளர் எந்த வேலையின் பின்னால் நிற்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இந்த உத்திகளையெல்லாம் ஒரு தொழிலறிவாகத் தொகுக்கும் நோக்கத்துடன் 1969இல் அமெரிக்காவில் பி.எம்.ஐ. என்னும் திட்ட மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டது. அது பி.எம்.பி. தேர்வை 1984இல் முதன்முறையாக நடத்தியது. 1996இல் தன் வழிகாட்டி நூலின் முதல் பதிப்பை வெளியிட்டது. பிரிட்டனில் அரசுத் துறைகளின் கணினித் திட்டங்களுக்காக 1989இல் உருவான ‘பிரின்ஸ்’ என்னும் முறை, 1996இல் எல்லாத் துறைகளுக்கும் உரிய ‘பிரின்ஸ் 2’ ஆக மாற்றி எழுதப்பட்டது. இரண்டு சான்றிதழ்களும் இன்று உலகெங்கும் புழங்கினாலும், பிரின்ஸ் 2இன் அடிப்படைத் தேர்வை அனுபவம் இல்லாதவரும் எழுதலாம், பி.எம்.பி. தேர்வை அப்படி எழுத முடியாது.

இந்த வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் கடந்த எட்டாண்டுகளுக்குள் குறைந்தது 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும். பள்ளிக் கல்வியுடன் நிற்பவருக்கு இது 60 மாதங்கள். இருவருக்கும் 35 மணி நேர முறையான பயிற்சியும் வேண்டும் என்பது பி.எம்.பி. தேர்வுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் விதி. 2021இல் மாற்றியமைக்கப்பட்ட தேர்வில் 180 வினாக்களுக்கு 230 நிமிடங்கள் தரப்பட்டன. ஏறத்தாழப் பாதி வினாக்கள், வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ‘அஜைல்’ முறையையும் கலப்பு முறைகளையும் சார்ந்திருந்தன. தேர்ச்சி பெற்றவரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 அலகுகள் தொடர்கல்வியைக் காட்டினால்தான் சான்றிதழ் நீடிக்கும். ஆக, இச்சான்றிதழ் அனுபவத்துக்கு மாற்றாக ஒருநாளும் வடிவமைக்கப்படவில்லை. ஏற்கெனவே உள்ள அனுபவத்தின் மேல் வைக்கப்படும் முத்திரையாகவே அதை வெளியிடும் கழகமே கருதுகிறது.

இந்தப் படிப்பு வெறும் முத்திரைதானா என்றால், இல்லை. பாடத்திட்டத்தில் உள்ள ‘ஈட்டிய மதிப்பு’ என்னும் கணக்கு ஒன்றே அதற்குச் சான்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் தன் ஒப்பந்ததாரர்களுக்கு விதியாக்கிய கணக்கு அது. ஒரு கோடி ரூபாய் மதிப்பீட்டில் பத்து மாதத்தில் முடிக்க வேண்டிய கட்டடம் ஒன்றில், ஐந்தாம் மாத முடிவில் 50 லட்சம் ரூபாய்க்கான வேலை முடிந்திருக்க வேண்டும், இதுவரை செலவானதோ 48 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வரவு செலவை மட்டும் பார்ப்பவர் இரண்டு லட்சம் மிச்சம் என்று நிம்மதி அடைவார். ஆனால் களத்தில் உண்மையாக முடிந்திருக்கும் வேலையை மதிப்பிட்டுப் பார்க்கும்போது அது 40 லட்சத்துக்குத்தான் தேறுகிறது என்றால், 40 லட்சத்தின் வேலைக்கு 48 லட்சம் செலவாகியிருக்கிறது என்றும், இதே போக்கில் போனால் கட்டடம் முடியும்போது செலவு ஒரு கோடியே இருபது லட்சத்தைத் தொடும் என்றும் தெரிந்துவிடும். ஐந்தாம் மாதத்திலேயே தெரிவதால் மேஸ்திரிக் கூலியையோ பொருள் கொள்முதலையோ சரிசெய்ய இன்னும் காலம் இருக்கிறது. பல ஆண்டுகள் களத்தில் நின்றவர்கள்கூட இந்தக் கணக்கைப் போடாமல் கடைசி மாதத்தில் கடன் வாங்க ஓடுவதுண்டு. அவர்களுக்கு இந்தப் படிப்பு உண்மையான ஆதாயம்.

தேர்வின் மறுபக்கத்தையும் அருகில் சென்று பார்க்க வேண்டும். பி.எம்.பி. வினாக்களில் பெரும்பாலானவை ஒரு சூழ்நிலையை விவரித்து, மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வகையைச் சேர்ந்தவை. வாடிக்கையாளர், மேலாளரின் குழுவில் உள்ள நிரலாளரை நேரே தொலைபேசியில் அழைத்து, ஒப்பந்தத்தில் இல்லாத சிறு மாற்றம் ஒன்றைச் செய்யச் சொல்கிறார் என்றால், தேர்வு எதிர்பார்க்கும் விடை, அம்மாற்றத்தால் காலமும் செலவும் எவ்வளவு பாதிக்கப்படும் என்று முதலில் மதிப்பிட்டு, பிறகு உரிய ஒப்புதல் வழியே அதை அனுப்புவதாகும். கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போய் வேலையின் எல்லை தெரியாமல் விரிந்துவிடுவதை அலுவலக வழக்கில் ‘ஸ்கோப் க்ரீப்’ என்பார்கள்; அதைத் தடுக்கும் சரியான வழி இதுவே. ஆனால் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில், அயல்நாட்டு வாடிக்கையாளர் மனம் கோணிவிடுவார் என்று அஞ்சும் மேலிடம் ‘செய்து கொடுத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும்போது, சரியான விடை தெரிந்திருப்பது மட்டும் மேலாளருக்குப் போதாது. மேலிடத்திடம் மறுத்துப் பேசும் துணிவையும், மறுத்தபின்னும் உறவைக் காக்கும் பக்குவத்தையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எவராலும் அளந்துவிட முடியாது.

சம்பளம் பற்றிய வாதத்துக்கு வருவோம். சான்றிதழ் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று பி.எம்.ஐ. நடத்தும் ஊதியக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டுகின்றன. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களும் இதையே பெரிதாக அச்சிடுகின்றன. சான்றிதழை விற்கும் அமைப்பே எடுக்கும் கணக்கெடுப்பு என்பது ஒருபுறம் இருக்க, இந்த ஒப்பீட்டில் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்றாண்டுகளாவது திட்டங்களை வழிநடத்தியவர்களே தேர்வை எழுத முடியும் என்னும்போது, வென்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பொறுப்பில் உயர்ந்தவர்களாகவும், வார இறுதிகளைத் தியாகம் செய்யும் உழைப்பாளிகளாகவும், பெரும்பாலும் கட்டணத்தைத் தாங்கக்கூடிய பெரிய நிறுவனங்களில் பணிபுரிபவர்களாகவும் இருப்பார்கள். சான்றிதழே இல்லாவிட்டாலும் அவர்களுடைய சம்பளம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1964இல் எழுதிய நூலில் கல்வி மனிதரின் திறனைக் கூட்டுவதால் ஊதியம் கூடுகிறது என்று விளக்கினார். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், திறனைக் கூட்டாவிட்டாலும்கூட ஒரு பட்டம் ‘இவர் திறனுள்ளவர்’ என்னும் அடையாளக் குறியாக வேலை கொடுப்பவருக்குப் பயன்படலாம் என்று காட்டினார். பி.எம்.பி.யில் இரண்டும் கலந்துள்ளன, ஆனால் குறியின் பங்கே மிகுதி என்பது மேலே கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவு.

குறிக்கு உண்மையிலேயே விலை உள்ள இடங்கள் இருக்கின்றன. அரசுத் துறைகள் வெளியிடும் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்புள்ளிகள் பலவற்றில், நிறுவனம் முன்மொழியும் திட்ட மேலாளரிடம் பி.எம்.பி. அல்லது பிரின்ஸ் 2 இருந்தால் தொழில்நுட்ப மதிப்பீட்டில் தனி மதிப்பெண் தரப்படுகிறது. விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்க்கும் ஏலமுறையில் ஓரிரு மதிப்பெண்ணில் ஒப்பந்தம் கைமாறிவிடும் என்பதால், அத்தகைய நிறுவனங்களில் சான்றிதழ் உள்ள ஊழியருக்கு நிச்சயமான மதிப்பு உண்டு. வளைகுடா நாடுகளின் கட்டுமான நிறுவனங்கள் தரும் வேலை விளம்பரங்களிலும் இந்த மூன்றெழுத்து அடிக்கடி காணப்படுகிறது. விண்ணப்பங்களைச் சலிக்கும் முதற்கட்டத்தில் அது இல்லாதவரின் தாள் ஒதுங்கிவிடுகிறது. இவ்வகை வேலைகளை நாடுபவருக்குச் செலவு பல மடங்காகத் திரும்பி வரும். சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும் சிறு நிறுவனங்களிலும், முதலாளியே ஒப்பந்ததாரராக நிற்கும் கட்டுமானத் தொழிலிலும் அதை யாரும் கேட்பதில்லை.

சான்றிதழ்கள் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு வேலையைத் தமிழ்நாடு அறியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தபோது, அதைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாள்களில் பாலத்தில் ரயில் ஓடச் செய்தார். புதிய கர்டர்கள் வரும்வரை காத்திராமல், கடலுக்குள் விழுந்து கிடந்தவற்றை மீட்டு மீண்டும் பொருத்தியதே காலம் சுருங்கியதற்கு முக்கியக் காரணம். தீர்வுப் பாதையில் மிக நீளமான பணி எதுவென்று கண்டு அதையே வெட்டிக் குறுக்கிய செயல் அது என்று இன்றைய பாடநூல் மொழியில் சொல்லலாம். பின்னாளில் டெல்லி மெட்ரோ பணிகளில், இன்னும் எத்தனை நாள் உள்ளன என்று இறங்குமுகமாக எண்ணும் கடிகாரங்களை அவர் நிறுவியது பலரும் அறிந்தது. அந்தத் திறன் களத்தில் விளைந்தது. படிப்பு அதற்குப் பெயர் சூட்டித் தரும், பிறருக்குச் சொல்லிக்கொடுக்க உதவும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு.

மிகவும் கவலை தருவது, கல்லூரியை முடித்தவுடன் கடன் வாங்கியாவது இந்தச் சான்றிதழைப் பெற்றுவிட்டால் மேலாளராகிவிடலாம் என்று நம்பும் இளைஞர்களின் நிலை. அவர்களுக்கு விதிப்படி தகுதியில்லை என்று தெரிந்தும், செய்யாத வேலைகளைச் செய்ததாக விண்ணப்பத்தில் எழுதச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பங்களில் ஒரு பகுதியைப் பி.எம்.ஐ. முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்கிறது. அப்போது பட்டச் சான்றின் நகலும், குறிப்பிட்ட திட்டங்களில் பணியாற்றியதை உறுதிசெய்யும் மேலதிகாரிகளின் கையொப்பமும் கேட்கப்படும். தணிக்கையில் தப்பினாலும், பொய்யில் தொடங்கிய தொழில் வாழ்க்கை முதல் நேர்காணலிலேயே தடுமாறும். புதிதாகப் படிப்பு முடித்தவருக்கு, அனுபவம் கேட்காத, 23 மணி நேரப் பயிற்சி மட்டும் கேட்கும் சி.ஏ.பி.எம். என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ் நேர்மையான வழி. அதைவிட நல்லது, நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தில் அட்டவணை போடும் சிறு பொறுப்பை வாங்கிக்கொண்டு இரண்டாண்டு உழைப்பது.

பணம் கட்டுமுன் ஒவ்வொருவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கடந்த எட்டாண்டுகளில் வழிநடத்திய திட்டங்களின் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், அதில் தாம் எடுத்த முடிவுகள், அதை உறுதிசெய்யக்கூடிய மேலதிகாரி ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். அடுத்து, செல்ல விரும்பும் வேலைகளின் பத்து விளம்பரங்களைத் தேடி எடுத்து, எத்தனையில் இந்தச் சான்றிதழ் கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். தாளில் 36 மாதங்கள் நிரம்பி, விளம்பரங்களில் பாதியிலாவது அந்த மூன்றெழுத்து இருந்தால் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள்.