படம் மாறவில்லை, வாக்காளர்கள் மாறினார்கள்

பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, உலகின் தலைசிறந்த படங்களைப் பட்டியலிடுகிறது. 2012 வரை முதல் பத்து இடங்களில் பெண் இயக்கிய படம் ஒன்றுகூட இல்லை. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் அக்கர்மானின் ‘ழான் டீல்மான்’ முதலிடமே பெற்றது. அது 1975இல் வந்த படம். இடையில் அதில் ஒரு காட்சியும் மாறவில்லை. வாக்களித்தோர் எண்ணிக்கைதான் 2012இல் இருந்த 846இலிருந்து 1,639 ஆனது. புதிய கண்கள் சேர்ந்தன.

இந்த முடிவு கலையல்ல, அரசியல் என்றார்கள் சிலர். இயக்குநர் பால் ஷ்ரேடரும் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பழைய வாக்காளர் குழுவும் ஒரு தேர்வுதானே? அதன் ரசனையை மட்டும் பொதுவானது என்று எப்படி ஏற்பது? ‘ழான் டீல்மான்’ படத்தையே பாருங்கள்: ஒரு விதவை உருளைக்கிழங்கு உரிப்பதை அசையாத கேமரா வெட்டாமல் காட்டுகிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் படத்தில், வீட்டுவேலையின் நேரமே கதையின் இறுக்கமாகிறது. இது திரைமொழியின் சாதனை. ‘பெண் இயக்குநர்’ என்ற அடையாளத்தோடு நின்றுவிடும் பாராட்டு இந்தச் சாதனையை மறைக்கிறது. விமர்சகர்களே, அக்கர்மானின் ஷாட்களைப் பற்றி எழுதுங்கள்.