நாள் தள்ளினால் நடுங்கலாமா?

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் மூதூருக்குத் திருகோணமலை அண்மையாயிற்று. மருந்துக் கடையும் அண்மையாயிற்று. அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றிய அறிவோ இன்னும் அக்கரையிலேயே நிற்கிறது. அதை உண்டபின் மாதவிலக்கு நாள் தள்ளினால், கருவோ நோயோ என்று பெண் கலங்குகிறாள்.

உண்மை யாது? ‘போஸ்டினோர்’ போன்றவற்றிலுள்ள லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஓமோன், கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. உறவுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள், இயன்ற அளவு விரைவில் உட்கொள்ளல் வேண்டும். முட்டை தாமதித்தால் விலக்கும் தாமதிக்கலாம். சிலருக்கு முந்தியும் வரலாம். இடையே சிறிது உதிரமும் படலாம். ஏற்கெனவே தரித்த கருவை அது கலைப்பதில்லை.

ஒரு வாரத்துக்குமேல் தாமதித்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்க. கடும் வயிற்றுவலி கண்டால் மருத்துவரை நாடுக.

இவற்றைச் சொல்ல ஆசிரியர் நாணினால், மாணவி அஞ்சியே வாழ்வாள்.